கோடு கறுத்தால் சரி

தெரு முழுக்க அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடும். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற அக்கா, அதனால் பல்லக்கா. ஆட்களை முகம் பார்த்து நினைவில் வைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. கடையில் நிற்கும்போது யாராவது நலம் விசாரித்தால் மலங்க மலங்க விழிப்பாள். எதிராளி வாயைத் திறந்து சிரித்துவிட்டால் போதும். “அட, கீழ் வரிசையில ரெண்டு அடைச்ச தம்பியா! திரும்ப வரச் சொன்னா ஆளையே காணோம்?” என்று நடுத்தெருவில் பிடித்துக்கொள்வாள். அந்தத் தம்பிக்கு மீசை நரைத்திருக்கும்.

அந்த வேலைக்கு அவள் மனுப் போட்டு வந்தவள் இல்லை. கன்னம் வீங்கி, துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவள். டாக்டரம்மா கிளினிக் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உதவிக்கு இருந்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். டாக்டர் ஒற்றை ஆளாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். இவளுடைய பல்லை எடுத்து, பஞ்சைக் கடிக்க வைத்துவிட்டு, “கொஞ்சம் இந்த லைட்டைப் பிடிக்கிறீங்களா அக்கா? அடுத்தவரைப் பார்த்துடறேன்,” என்றார். வாய் நிறையப் பஞ்சு. முடியாது என்று சொல்ல வழியில்லை. பிடித்தாள். மறுநாளும் போய்ப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவள் போகாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நாற்காலியில் ஆள் சாய்ந்துவிட்டால் அந்த அறைக்கென்று ஒரு பேச்சு உண்டு. ஊசி என்ற சொல் அங்கே கிடையாது, ‘கொசு’ கடிக்கும். பல்லைக் கடைகிற கருவிக்குப் பெயர் ‘காத்து’. ரத்தம் வந்தால் “துடைச்சுக்கலாம்” என்பார் டாக்டர். எதை என்று சொல்ல மாட்டார். கை தவறி எது விழுந்தாலும் ஐயோ என்று யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. ஓடக் கூடாது. குரல் உயரக் கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. நோயாளியின் வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரு முனை சுழன்றுகொண்டிருக்கிறது. ஆள் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினால் நாக்கு கிழிந்துவிடும். ஒருமுறை கூரையிலிருந்து ஒரு பல்லி டாக்டரின் தோளில் விழுந்தது. பல்லக்கா அதைத் துணியால் மூடி எடுத்து, வெளியே விட்டுவிட்டு வந்து, மறுபடி எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டாள். டாக்டருக்கே விஷயம் மதியம்தான் தெரியும்.

இன்னொரு வழக்கம், டேப். கருவிகளைக் கழுவிப் பொட்டலம் கட்டி நீராவிப் பெட்டிக்குள் வைக்கும்போது ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு துண்டு டேப் ஒட்ட வேண்டும். மங்கலான காகித நிறம். அதில் தெரிந்தும் தெரியாமலும் வெளிர்க் கோடுகள். உள்ளே சூடு சரியாக ஏறினால் கோடுகள் கறுத்துவிடும். கோடு கறுத்தால் சரி. தொடலாம், வாயில் வைக்கலாம், பயமில்லை. கறுக்காவிட்டால் திரும்ப உள்ளே. வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து அது அவள் உடம்போடு சேர்ந்துவிட்டது. கறுத்த கோட்டைக் கண்டதும் மூச்சு தானாக இறங்கும். டேப் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பொட்டலம் அல்லாதவற்றிலும் தேதி எழுதி ஒட்டிவைப்பாள். மருந்துப் புட்டி, இழுப்பறை, டாக்டரின் மூக்குக்கண்ணாடிக் கூடு, தண்ணீர்ப் பாட்டில். “என் நெத்தியில மட்டும்தான் இன்னும் ஒட்டல,” என்பார் டாக்டர்.

அப்படித்தான் கேமரா பேட்டரியிலும் ஒட்டினாள்.

டாக்டரிடம் ஒரு டிஜிட்டல் கேமரா உண்டு. பல்லுக்கு உறை போடுவதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்துவைத்துக்கொள்வார். பழைய பேட்டரி சோர்ந்துபோனதால் புதிதாக ஒன்று வாங்கி வரச் சொன்னார். “அதே கம்பெனி இல்லக்கா, ஆனா அச்சு அசலா அதே அளவு,” என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தேதி எழுதி டேப்பைச் சுற்றி ஒட்டியதும் அது ஒரு மயிரிழை தடித்துவிட்டது. உள்ளே போக மறுத்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. ஒயரைச் சொருகியே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் அதற்குப் பிறகு யாரும் அதை வெளியே எடுக்கவில்லை.

அன்று காலை அவள் கிளினிக்கைத் திறந்து, பெருக்கித் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது டாக்டர் போனில் கூப்பிட்டார்.

“அக்கா, நேத்து கேமரா ரெண்டு படம் எடுக்கறதுக்குள்ள அணைஞ்சுபோச்சு. அந்தப் புது பேட்டரி சரியில்லன்னு நெனக்கிறேன். கழட்டிட்டுப் பழசையே போட்டு வைங்க. உங்க நாத்தனாருக்கு இன்னிக்குப் பல் செதுக்கறேன்ல, படம் வேணும்.”

“அவ வந்து படுத்தப்புறம் சொல்லுங்க மேடம். எத்தனை தடவ தேதி குடுத்தாச்சு!”

“இன்னிக்கும் வர மாட்டாங்களா?”

“வருவா. இன்னிக்கு ரோஷத்தைக் கிளப்பி விட்டுட்டு வந்திருக்கேன்.”

நாத்தனார் என்றால் பல்லக்காவின் கணவருடைய தங்கை. ஒரே வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு, வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசுகிறவள். கடைவாய்ப் பல் உடைந்து ஒரு பக்கமாகவே மென்று தின்கிறாள். ஆனாலும் பல் டாக்டர் என்றால் கை கால் உதறும்.

கேமராவை எடுத்து மடியில் கவிழ்த்தாள் பல்லக்கா. அடியில் இருந்த சின்னக் கதவு பொருந்தி மூடியிருக்கவில்லை. நகம் நுழைகிற அளவு தூக்கிக்கொண்டு நின்றது. திறந்தாள். பேட்டரியைப் பிடித்துவைத்திருக்கும் கொக்கியை விரலால் ஒதுக்கினாள். ஒதுக்கினால் உள்ளே இருக்கிற சுருள்வில் பேட்டரியை மேலே உந்தித் தள்ள வேண்டும். கொக்கி ஒதுங்கியது. பேட்டரி அசையவில்லை.

கேமராவைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினாள். நாலு தட்டுக்கும் ஒரு பதிலும் இல்லை. ஒட்டுகிற பிளாஸ்திரியில் ஒரு துண்டை வெட்டி, பேட்டரியின் தலையில் அழுத்தி ஒட்டி, அதையே கைப்பிடியாக்கி இழுத்தாள். பிளாஸ்திரிதான் வந்தது. பல்லிடுக்கில் விட்டு இழுக்கிற மெழுகு நூலை எடுத்து ஓரமாக இறக்கிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் இறங்கி, நின்று, அறுந்தது. அறுந்த நுனி உள்ளேயே தங்கிவிட்டது.

“வா கண்ணு. வலிக்காம எடுத்துடறேன்,” என்றாள், குழந்தைகளிடம் பேசுகிற குரலில். காலியான அறையில் அந்தக் குரல் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்தாள். மேலே இருக்கும் லைட்டை இழுத்து, கண்ணாடியைச் சாய்த்து, பேட்டரிக்கும் சுவருக்கும் நடுவே பார்த்தாள். இடைவெளி என்று ஒன்றுமே இல்லை. பேட்டரியின் உடம்பு நடுவில் உப்பி, சீழ் கட்டிய ஈறு மாதிரி சுவரை நெருக்கிக்கொண்டிருந்தது. மேல் விளிம்பில் அவள் ஒட்டிய டேப்பின் மடிப்பு தெரிந்தது. அவள் கையெழுத்தில் தேதியின் பாதி. அதற்கடியில் கோடுகள்.

கறுத்திருந்தன.

கறுத்திருக்கு, சரி, என்றது மனது. மூச்சு இறங்கியது. கண்ணாடியைத் தட்டில் வைத்தாள்.

அந்தத் தைரியத்தில்தான் நெம்பியை எடுத்தாள். பல்லை வேரோடு அசைத்துக் கிளப்புகிற இரும்பு. டாக்டர் அதைப் பிடிக்கிற விதம், மணிக்கட்டு திரும்புகிற விதம், பல் மனம் மாறி வெளியே வருகிற அந்த ஒரு நொடி, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு பல்லைக்கூட அவள் எடுத்ததில்லை. எடுக்கக் கூடாது. நெம்பியின் நுனியைப் பேட்டரியின் ஓரத்தில் செருகி, மணிக்கட்டை மெல்லத் திருப்பினாள். பேட்டரி மேலே வரவில்லை. ஆனால் உள்ளே ஏதோ மெத்தென்று அமுங்கிக்கொடுத்தது.

கையை எடுத்துவிட்டாள். ஒரு இனிப்பு வாசனை வந்தது. யாரோ நகப்பூச்சு பாட்டிலைத் திறந்த மாதிரி. கிராம்புத் தைலமும் ஸ்பிரிட்டும் எப்போதும் மணக்கிற அறை அது. அந்த வாசனை அவற்றோடு கலந்து காணாமல் போயிற்று. கதவை மூடி, மூடாத இடத்தைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள்.

டாக்டர் வந்து கோட்டை மாட்டிக்கொள்ளும்போதே சொன்னாள். “பேட்டரி வர மாட்டேங்குது மேடம். வீங்கின மாதிரி இருக்கு.”

“வீங்கியிருக்கா?” டாக்டர் வாங்கிப் பொத்தானை அழுத்தினார். லென்ஸ் சின்னச் சத்தத்தோடு தலையை நீட்டியது. “நல்லாத்தானே ஆன் ஆகுது! இன்னிக்கு ஓட்டிடலாம். சாயங்காலம் ரிப்பேர்காரர்கிட்ட குடுத்துடுங்க.”

நெம்பி வைத்து நெம்பியதைச் சொல்லலாம் என்று பல்லக்கா வாயெடுத்தாள். அதற்குள் கதவு திறந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். ஆள் உள்ளே வந்துவிட்டால் அப்படிப்பட்ட பேச்சு அந்த அறையில் கிடையாது. வாயெடுத்தது அப்படியே நின்றது.

“என்ன அண்ணி, இவ்வளவு சாயுது? இது நாற்காலியா, கட்டிலா?”

“தூங்கு. முடிஞ்சதும் எழுப்பி விடறேன்.”

“கையில என்ன அது, பாம்பு மாதிரி?”

“எச்சிலை உறிஞ்சற குழாய். எல்லாருக்கும் ஒண்ணு போதும். உன் வாய்க்கு ரெண்டு வெக்கணும்.”

“பாத்தீங்களா டாக்டர்? வீட்டிலயும் இதே பேச்சுதான். எங்க அண்ணன் எப்படித்தான் காலம் தள்ளறாரோ.”

“உங்க அண்ணனுக்குக் காது கேக்காத மாதிரி இருக்கத் தெரியும். பிழைக்கத் தெரிஞ்ச மனுஷன்,” என்று பல்லக்கா அவள் கழுத்தில் பிளாஸ்டிக் துண்டைக் கட்டினாள். “இங்க பாரு. கத்தக் கூடாது, திமிறக் கூடாது. உன்னால எங்க முடியப்போகுது! போன தடவ வாசல்லயே அழுத ஆளு.”

“ஒரு சத்தம் வராது. வந்தா ஒரு வருஷம் வீட்டுப் பாத்திரம் எல்லாம் நான் கழுவறேன்.”

“மேடம், நீங்க சாட்சி.”

கொசு கடித்தது. நாத்தனாரின் கன்னம் மெல்ல மரத்துப்போனது. பல்லக்கா உதட்டை விரிக்கிற பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினாள். வாய் மூடாமல் இருக்கக் கடைவாயில் ரப்பர் கட்டையை வைத்தாள். இனி பேச முடியாது. கண் மட்டும்தான். அந்தக் கண்கள் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூரையில் போய் நின்றன.

டாக்டர் படம் எடுத்தார். இரண்டு, மூன்று, இன்னும் ஒன்று. ஒவ்வொரு மின்னலுக்கும் கேமரா கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அடுத்ததற்குத் தயாரானது. பிறகு அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். நடுநடுவே தேவைப்படும், எழுந்து போய் எடுக்க முடியாது என்பதால், கேமராவை நோயாளியின் நெஞ்சின் மேல், பிளாஸ்டிக் துண்டின் மேல் வைத்துவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, காலால் பெடலை அழுத்தினார்.

காற்று கூவத் தொடங்கியது.

இந்த நேரம் பல்லக்காவுக்கு இரண்டு கையும் கிடையாது. வலது கையில் உறிஞ்சு குழாய். இடது கையில் நாக்கை ஒதுக்கிப் பிடிக்கிற கண்ணாடி. சுழலும் முனைக்கும் நாக்குக்கும் நடுவே இருப்பது அந்தக் கண்ணாடியின் தடிமன்தான். கை அங்கே இருக்கும்; கண் கொஞ்சம் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருந்த கண்ணால் அவள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் மூச்சோடு அது ஏறி இறங்கியது. ஒட்டிய பிளாஸ்திரி ஒரு ஓரத்தில் பிரிந்து நின்றது. காலையில் அழுத்தி ஒட்டியது. ஏன் பிரிகிறது? கதவு உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. யாரோ உள்ளே இருந்து தோளைக் கொடுப்பது மாதிரி, அவசரமே இல்லாமல்.

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. அந்தப் பேட்டரியை அவள் நீராவிப் பெட்டிக்குள் வைக்கவே இல்லை. கடையிலிருந்து வந்தது, டேப் ஒட்டினாள், கேமராவுக்குள் போட்டாள். அவ்வளவுதான். எந்தச் சூட்டில் அந்தக் கோடுகள் கறுத்தன?

கறுத்திருக்கு, சரி என்று சொன்ன மனசை அவள் உள்ளுக்குள் திட்டினாள். காலையில் காணாமல் போன இனிப்பு வாசனை இப்போது முகமூடியைத் தாண்டி வந்தது. இந்த முறை அது எதோடும் கலக்கவில்லை.

நாத்தனாரின் கால் விரல்கள் மடங்கி விரிந்தன. கைகள் நாற்காலியின் பிடியை இறுக்கின. எல்லோரும் செய்வதுதான். நெற்றியில் வியர்வை. அதுவும் எல்லோருக்கும் வருவதுதான்.

கத்தலாம். கத்தினால் இவள் துள்ளுவாள். முனை நாக்கில் இறங்கும். கண்ணாடியை விட்டுவிட்டுக் கேமராவை எடுக்கலாம். விட்ட நொடியிலேயே அதேதான் நடக்கும். டாக்டரைப் பார்த்தாள். உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டால் டாக்டருக்கு உலகமே ஒரு பல் அளவுதான். அதற்கு வெளியே வீடு இடிந்தாலும் தெரியாது.

“மேடம்,” என்றாள். “காத்தைக் கொஞ்சம் நிறுத்திக்கலாமா?”

“உம். இதோ ஆச்சு.”

“இப்பவே நிறுத்தலாம் மேடம்.”

“இன்னும் ஒரு ஓரம்தான் அக்கா. இப்ப விட்டா திரும்ப ஆரம்பிக்கணும்.”

சொன்னதெல்லாம் அதே பஞ்சுக் குரலில். இத்தனை வருஷம் யாரையும் பயமுறுத்தாமல் பேசிப் பேசி, பயமுறுத்துகிற மாதிரி ஒரு சொல் சொல்ல அவளிடம் குரலே இல்லை. கேமராவுக்குள் இருந்து ஒரு சன்னமான சீறல் கேட்டது. காற்றின் கூவலுக்குள் அது கேட்டதா, இல்லை அவள் காதே உண்டாக்கியதா என்று தெரியவில்லை. பிளாஸ்திரி முழுசாகப் பிரிந்து தொங்கியது.

அவளுக்குக் கால் இருந்தது.

செருப்பை உதறிவிட்டு, வலது காலை நாற்காலிக்கு அடியில் நீட்டி, டாக்டரின் பாதத்தைத் தேடினாள். பெடலைத் தொடும் உரிமை அந்த அறையில் ஒருவருக்குத்தான். விரல்களைப் பெடலின் விளிம்பில் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். பெடல் டாக்டரின் காலுக்கடியிலிருந்து நழுவிப் போய்ச் சுவரில் மோதியது. கூவல் இறங்கி, இறங்கி, நின்றது.

“அக்கா!” டாக்டர் உருப்பெருக்கிக் கண்ணாடியை உயர்த்தினார்.

பல்லக்கா நாக்கிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். குழாயைக் கொக்கியில் மாட்டினாள். பஞ்சுத் தட்டைக் கவிழ்த்துக் காலி செய்தாள். கேமராவை அதன் வாரைப் பிடித்துத் தூக்கித் தட்டில் வைத்தாள். எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, வீட்டில் சாப்பாடு எடுத்து வைப்பது மாதிரி.

“இதைச் சார்ஜ்ல போட்டுட்டு வந்துடறேன்,” என்றாள். நாத்தனாரைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள்.

பின்பக்க வழி பக்கம். ஆனால் அந்த நடையில்தான் ஆக்சிஜன் சிலிண்டரும் ஸ்பிரிட் கேன்களும் இருந்தன. முன்பக்கமாகப் போக வேண்டும், காத்திருப்பவர்களுக்கு நடுவே. கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள்.

“சிஸ்டர், என் முறை எப்ப வரும்? வந்து எவ்வளவு நேரமாச்சு,” என்றார் கன்னம் வீங்கிய ஒருவர்.

“அடுத்தது நீங்கதான். உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?”

“கையில என்ன, அவ்வளவு பெரிய தட்டு? யாரு பல்லு?”

“யானைப் பல்லு. கொஞ்சம் காலை மடக்கிக்கங்க.”

அவர் சிரித்துக்கொண்டே காலை மடக்கினார். பக்கத்தில் மடியில் குழந்தையோடு ஒரு பெண். அவள் மூக்கைச் சுருக்கினாள். “என்னவோ புகையுதே?”

“ஆவிம்மா. இப்பதான் வேகவெச்சு எடுத்தது.”

குழந்தை தட்டை நோக்கிக் கையை நீட்டியது. பல்லக்கா தட்டை உயர்த்திக்கொண்டு போனாள். தட்டின் விளிம்பு கட்டைவிரலைச் சுட்டது. கையுறை இளகித் தட்டோடு ஒட்டியது. ஓடாதே என்று தன் கால்களுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அவள் ஓடினால் அந்த அறை முழுக்க எழுந்து வாசலுக்கு வரும். வாசல் ஒரு ஆள் அகலம்தான். வாசலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அவற்றையும் தாண்டினாள். பக்கத்தில் யாரோ வீடு கட்டப் போவதாகச் சொல்லிக் கட்டாமல் விட்ட காலி மனை. நடுவில், மண் மட்டும் இருக்கிற இடம் பார்த்து, தட்டை வைத்தாள். நிமிர்ந்தாள். பின்னால் நகர்ந்தாள்.

வெடிச் சத்தம் ஒன்றும் வரவில்லை. நீளமாக ஒரு மூச்சு வந்தது. வெள்ளைப் புகை பீச்சியடித்தது. கேமராவின் அடிக்கதவு பிய்த்துக்கொண்டு பறந்தது. காலையில் அத்தனை கெஞ்சியும் அசையாத பேட்டரி தானாக வழுக்கி வெளியே வந்து, தட்டில் விழுந்து, தீப்பற்றியது. தீ கேமராவின் மேல் ஏறி, அதன் முகத்தை மூடியது. லென்ஸ் ஒருமுறை வெளியே வந்தது, படம் எடுக்கப் போவது மாதிரி. பிறகு கண்ணாடி வெடித்தது.

பல்லக்கா கையுறையைக் கழற்றப் பார்த்தாள். கட்டைவிரல் தோலும் கொஞ்சம் அதோடு வந்தது. வலிக்கவில்லை. அப்புறம் வலிக்கும் என்று தெரிந்தது.

உள்ளே திரும்பியபோது டாக்டர் அறை நடுவே நின்றிருந்தார். குரலை அடக்கிக்கொண்டு, ஆனால் முகம் சிவந்து, “பெடல்ல கால் வெச்சீங்களா? வாய்க்குள்ள கருவி இருக்கும்போது? என்ன ஆச்சு உங்களுக்கு?” என்றார்.

“பேட்டரி தீப்பிடிச்சிருச்சு மேடம். வெளிய எரியுது.”

தீ என்ற சொல் அந்த அறைக்குள் முதல்முறையாக வந்தது. டாக்டர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார், ஆள் பயந்துவிட்டாளா என்று.

நாத்தனார் வாய்க்கட்டையைத் தானே பிடுங்கித் துப்பினாள். உதட்டு வளையத்தையும் இழுத்தெடுத்தாள். மரத்துப்போன பக்கம் கோணிக்கொண்டிருந்தது.

“அதான் அவ்வளவு சூடா?” என்று குழறினாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“நெஞ்சு மேல. சுட்டுக்கிட்டே இருந்துச்சு. மொதல்ல இதமாத்தான் இருந்துச்சு, அப்புறம் தாங்கல. மருந்துல ஒரு வகையோன்னு நெனச்சேன். வாயில கொசு வெக்கிறீங்க, நெஞ்சுல ஒத்தடம் வெக்கிறீங்கன்னு.”

பல்லக்கா பிளாஸ்டிக் துண்டை விலக்கினாள். அது ஒரு இடத்தில் சுருங்கி, சட்டையோடு ஒட்டியிருந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். அடியில், நெஞ்செலும்பின் மேல், சதுரமாக ஒரு சிவப்பு. நடுவில் சிவப்பு இல்லை. வெளிறி, மெழுகு மாதிரி இருந்தது.

“கத்த வேண்டியதுதானேடி! கையைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டியிருக்கலாமே!”

“கத்தினா நாக்கு போயிடும்னு நீங்கதான் தினமும் சொல்றீங்க.” நாத்தனார் அரை வாயால் சிரித்தாள். “அப்புறம் அண்ணன்கிட்ட சொல்லிச் சிரிப்பீங்க. பாருங்க, ஒரு சத்தம் வந்துச்சா? டாக்டர், நீங்கதானே சாட்சி?”

டாக்டர் அலமாரியைத் திறந்தார். உப்புத்தண்ணீர்ப் பாட்டிலின் மூடியை உடைத்து ஊற்றினார். அவசரத்தில் பாதி தரையில் போயிற்று. பல்லக்கா பாட்டிலை வாங்கித் தானே ஊற்றினாள், ஒரே சீராக, ஒரு பாட்டில் தீர்ந்ததும் இன்னொன்று. சதுரத்தின் ஓரங்கள் அவள் கண் முன்னாலேயே உப்பத் தொடங்கின. வெளியே யாரோ தீ, தீ என்று கத்தினார்கள். நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். குழந்தையின் அழுகை.

“அண்ணி, நடுவுல மட்டும் வலியே இல்லையே. நல்லதுதானே?”

நடுவில் வலி இல்லாதது எதனால் என்று பல்லக்காவுக்குத் தெரியும். நரம்பு செத்த பல்லும் வலிக்காது. ஒண்ணுமில்ல என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தது, எப்போதும் வருவது போல, பஞ்சு சுற்றிக்கொண்டு.

“இல்ல,” என்றாள். “நல்லதில்ல. ஆழமா வெந்திருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே. எந்திரி.”

அந்த அறையில் அத்தனை நேரம் கல் மாதிரி படுத்திருந்தவள் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பயம் அப்போதுதான் வந்தது. உதட்டின் உணர்வுள்ள பாதி முதலில் நடுங்கியது.